மான் பலகைக்கு இந்தப் பக்கம்

“ஒருக்கா இருந்து எழும்புங்கோ.”

ஊரில் அவள் இதைக் கேட்காத ஆள் இல்லை. மீன் சந்தையில் பாரை வெட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டாள். மூதூருக்குப் போகக் காத்திருந்த பெண்களிடம் கேட்டாள். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் கேட்க, அவரும் பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தும் எழும்பியும் காட்டினார். வேறு யாராவது கேட்டிருந்தால் மூளை பிசகிவிட்டது என்று சொல்லியிருப்பார்கள். இவள் கேட்டால் சிரித்துக்கொண்டே செய்வார்கள். அவள்மேல் எனக்கு முதலில் பொறாமை வந்தது இதற்காகத்தான். நான் நேரம் கேட்டாலே ஆட்கள் ஓரடி பின்னால் போய்விடுவார்கள்.

அவள் சிலை செய்கிறவள். நானும் சிலை செய்கிறவள்தான். இதை இரண்டாவதாகச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு எரிச்சல்.

கொழும்பில் சிற்பம் படித்தபோது நாங்கள் ஒரே வகுப்பு, விடுதியிலும் ஒரே அறை. முதல் வருடத்தில் ஒரு முதியவரைக் கதிரையில் இருத்திவிட்டு, மண்ணில் செய்யச் சொன்னார் விரிவுரையாளர். நான் அந்த முகத்தோடு நாள் முழுக்க மினக்கெட்டேன். இமை மடிப்பு, உதட்டு வெடிப்பு, மூக்கோரத்து மறு ஒன்றையும் விடவில்லை. அவளோ மண்ணைத் தொடாமல் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீர் குடிக்க முதியவர் எழும்பிப் போன பிறகுதான் கை வைத்தாள். மாலையில் பார்த்தால் கழுத்துக்கு மேலே தேங்காய் மாதிரி ஒரு உருண்டை மட்டும் இருந்தது. கண் இல்லை, மூக்கு இல்லை. ஆனால் முழங்காலில் ஊன்றிய கையும், கதிரையை விட்டுச் சற்றே கிளம்பிய இடுப்புமாக அந்த மனிதர் எழும்பிக்கொண்டிருந்தார். விரிவுரையாளர் என்னுடையதைப் பார்த்து நல்லாயிருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, அவளுடையதற்கு முன்னால் போய் நின்றவர் நின்றவர்தான். எங்களைப் போகச் சொல்லவும் மறந்துவிட்டார்.

அன்று அறையில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது விளங்கியதோ இல்லையோ, பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

“இருக்கேக்க எல்லாரும் தங்கட முகத்தைக் காவல் காப்பினம். எழும்பேக்கதான் மறந்து போவினம்.”

பெரிய கண்டுபிடிப்பு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வார்த்தை என்னை விடவில்லை. அதற்குப் பிறகு யார் முன்னாலும் கதிரையை விட்டு எழும்புவதென்றால் எனக்கு ஒரு கூச்சம் வந்துவிட்டது.

படிப்பு முடிந்து இருவரும் திருகோணமலைக்கே திரும்பினோம். எனக்குச் சித்திர ஆசிரியை வேலை கிடைத்தது. வேலை நேரம் போக, இறந்தவர்களின் மார்பளவுச் சிலைகள் செய்து கொடுத்தேன். போட்டோவைக் கொடுத்தால் அதே ஆளை எடுத்துக் கொடுப்பேன். குடும்பத்தார் வந்து பார்த்து அச்சு அசல் என்று அழாமல் போனது கிடையாது. அப்படித்தான் எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய அதிபருக்கு ஒரு சிலை செய்தேன். திறப்பு விழாவில் அவருடைய மகள் சிலையின் கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள். விடுதியில் என்னோடு இருந்தவளும் வந்திருந்தாள். முன்னால் நின்று பார்த்தாள், பின்னால் போய்ப் பார்த்தாள், என்னிடம் வந்தாள்.

“காது நல்லாய் வந்திருக்கு” என்றாள்.

அவ்வளவுதான். அது பாராட்டுத்தானே என்று என் கணவர் இன்றைக்கும் சொல்கிறார். பாராட்டென்றால் ஒரு முழு மனிதரைச் செய்து வைத்திருக்கிறேன், அதில் காதா கண்ணில் படும்? அந்தக் காதை நான் எத்தனை வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. இப்போதும் எந்தச் சிலையைச் செய்தாலும் காதுக்கு வரும்போது நிறுத்தி, பின்னால் போய் ஒருக்கா பார்த்துவிட்டுத்தான் தொடுவேன்.

அவள் வேலைக்கெல்லாம் போகவில்லை. துறைமுகத்துப் பக்கம், படகு இயந்திரம் திருத்தும் பட்டறையாக இருந்த ஒரு தகரக் கொட்டிலை எடுத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் மான்கள் ஆடு மாடு போலத் தெருவில் திரியும். கொட்டிலுக்குள் புகுந்து, மண் காயாமல் மூடி வைத்த ஈரச் சாக்குகளை அவை சப்பத் தொடங்கின. அதனால் வாசலில் நெஞ்சளவு உயரத்துக்குப் பலகை அடித்து, ஒரு கொளுக்கி போட்டாள். மான் பலகை என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. வருகிறவர்கள் கொளுக்கியைத் தூக்கிவிட்டு உள்ளே போய், அங்கே கிடந்த நீலப் பிளாஸ்டிக் கதிரையில் இருப்பார்கள். அவள் கேட்பாள், எழும்புவார்கள். பிறகு சீமெந்தில் அவர்கள் நிற்பார்கள்.

நான் மட்டும் பலகைக்கு வெளியே நிற்பேன். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகிற வழியில் அந்தக் கொட்டில் இல்லை. இருந்தாலும் அந்த வழியாகத்தான் போவேன். கைப்பையை இடது கக்கத்தில் இடுக்கி, குடையையும் அதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பலகைக்கு மேலால் பார்ப்பேன்.

“வாரும், உள்ள வந்து இரும்” என்பாள்.

நேரமில்லை என்பேன். நேரமில்லாமல் கனநேரம் நிற்பேன்.

சும்மா வந்து இருக்கச் சொல்வது எனக்குத் தேவைப்படவில்லை. சந்தைக்காரரிடமும் கல்யாண வீட்டுக்காரரிடமும் கேட்ட அந்தக் கேள்வியை என்னிடமும் அவள் கேட்க வேண்டும். அதுதான் வேண்டியிருந்தது. அவளோடு ஒரே அறையில் படுத்தவள், ஒரே மண்ணைப் பிசைந்தவள் நான். அந்தக் கண்ணுக்கு ஊரே சிலையாகத் தெரியும்போது நான் மட்டும் ஏன் தெரியவில்லை? கேட்காமல் அந்தக் கதிரையில் இருப்பதில்லை என்று பிடிவாதமாக நின்றேன்.

இடையில் என் கணவரிடம் கேட்டுவிட்டாள். இவர் துறைமுகத்தில் வேலை, இடுப்பு வலிக்காரர், சந்தனக் கட்டை மாதிரி ஒரு விறைப்பு. எழும்பச் சொன்னாள் என்று வந்து சொன்னபோது முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மறுநாளிலிருந்து அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் கதிரையைப் போட்டு எழும்பிப் பழகினார். இடுப்பைப் பிடிக்காமல் எழும்புகிறாராம். இந்த வயதில் அழகுப் போட்டிக்கா போகிறீர்கள் என்று கேட்டேன். உமக்கு என்ன விளங்கும் என்றார். சிற்பம் படித்தவள் நான், எனக்கு விளங்காதாம்.

அந்தக் கோபத்தில் நானும் ஒன்று செய்து பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தைக் கூட்டுகிற அக்காவைச் சித்திர அறைக்குக் கூப்பிட்டு, இருந்து எழும்பச் சொன்னேன். எழும்பினா. திரும்பவும் சொன்னேன். திரும்பவும் எழும்பினா. இன்னும் கொஞ்சம் மெதுவாக என்றேன். நான் முறைத்துப் பார்க்கிற விதத்தில் அவவுக்குப் பயம் பிடித்துவிட்டது.

“டீச்சர், எனக்கு ஏதும் வருத்தம் எண்டு நினைக்கிறீங்களோ?” என்று கேட்டா.

இல்லை என்று சொல்லியும் நம்பவில்லை. அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் முழங்காலைக் காட்டிவிட்டு வந்தா. நான் செய்த மண் உருவமும் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆள் மாதிரித்தான் வந்தது. யாரும் காண முதல் உடைத்து மண்ணுக்குள் போட்டேன்.

இதெல்லாம் கூடத் தாங்கியிருப்பேன். பாலன் குடில் வந்தது.

எங்கள் கோவிலில், யேசு பாலன் பிறந்த நாளான நத்தாருக்கு வைக்கும் குடிலில் பல வருடங்களாக நான் செய்த சொரூபங்கள்தான் இருந்தன. அச்சில் வார்த்து, கன்னத்துக்கு றோஸ் நிறம் பூசியவை. புதிதாக வந்த பங்குத் தந்தைக்கு ஒரு யோசனை வந்தது. குடிலில் நிற்பவர்கள் இந்தத் துறைமுகத்து ஆட்களாக இருக்க வேண்டும், ஆள் உயரத்துக்கு இருக்க வேண்டும். யாரிடம் போவார்? அவளிடம் போனார். பிறகு என் வீட்டுக்கு வந்து, மிகுந்த மரியாதையோடு தேநீர் குடித்துவிட்டு, என் சொரூபங்களை உள்ளூரில் ஒரு சிறிய கோவிலுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். பழசுகளுக்கும் ஒரு இடம் இருக்கிறது டீச்சர் என்றார். சொரூபங்களைத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மாதங்களில் மான் பலகைக்கு முன்னால் நான் நின்ற நேரம் கொஞ்சமல்ல. கம்பியை வளைத்து, கோழி வலையைச் சுற்றி, சீமெந்தை மெல்லிசாக அப்புவாள். உள்ளே ஒன்றும் இல்லாமல் கோறையாக இருந்தால்தான் நாலு பேர் தூக்கலாம். விரலாலேயே தோலும் துணி மடிப்பும் வரும். நான் கத்தியும் கரண்டியும் கம்பளித் துண்டும் வைத்துக்கொண்டு படுகிற பாட்டை அவள் ஒரு பெருவிரலால் முடித்துவிடுவாள். சில உருவங்களைச் சாக்குப் போட்டு மூடியிருந்தாள். அவற்றில் ஒன்று நானாக இருக்கலாம் என்று ஒரு நப்பாசை.

நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் குடிலைத் திறந்தார்கள். கோவில் ஆட்கள் மட்டுமல்ல, சந்தையே வந்தது. மூதூரிலிருந்து ஓட்டோக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். எல்லாரும் பாலனை விட்டுவிட்டுத் தங்களைத் தேடினார்கள். மீன் வெட்டுகிறவர் இடையனாக, மண்டியிட்ட காலிலிருந்து ஒரு கையை நிலத்தில் ஊன்றி எழும்பிக்கொண்டிருந்தார். ஓட்டோக்காரர் ஆட்டுக்குட்டியை நெஞ்சோடு அணைத்தபடி எழும்பிக்கொண்டிருந்தார். இராசாக்கள் மூவரில் ஒருவர் என் கணவர். தலையில் கிரீடம், பின்னால் மேலங்கி, கை இடுப்பில். எவ்வளவோ பழகியும் அவள் கண்ணுக்கு இடுப்பு வலி தப்பவில்லை. இவருக்கு அதெல்லாம் தெரியவில்லை. பக்கத்தில் நின்று வருகிற போகிறவர்களோடெல்லாம் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நடுவில் மாதா. கைகூப்பி முழங்காலில் இருக்கும் மாதா அல்ல. பிள்ளையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மற்றக் கையை வைக்கோலில் ஊன்றி எழும்பப் பார்க்கிற பெண். ஊன்றிய கையின் விரல்கள் விரிந்திருந்தன. பிள்ளை பெற்ற உடம்பின் பாரம் முழுவதும் அந்த ஒரு கையில் இறங்கியிருந்தது. இப்படி ஒரு கையை நான் செய்யவில்லை, இனிச் செய்யப்போவதும் இல்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

பிறகு நானும் வெட்கத்தை விட்டு என்னைத் தேடினேன். இடையர்களில் இல்லை. தண்ணீர்க் குடம் வைத்திருந்த பெண்களில் இல்லை. இறக்கை வைத்த சம்மனசுகளில் தேடவில்லை, அவ்வளவுக்கு நான் போகவில்லை. இல்லை என்று முடிவு செய்து திரும்பும்போது பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“டீச்சர், நீங்கள் இஞ்ச நிக்கிறீங்கள்” என்றாள் ஒருத்தி.

தொழுவத்தின் பக்கத்தில் நெஞ்சளவு உயரத்துக்குப் பலகை அடித்திருந்தது. அதற்கு வெளியே ஒரு பெண் நின்றாள். சேலை, இடது கக்கத்தில் இடுக்கிய பை, பையோடு சேர்த்துப் பிடித்த குடை. பலகைக்கு மேலால் கழுத்து நீண்டிருந்தது. ஊரில் எல்லாரும் எழும்பிக்கொண்டிருந்த குடிலில் அவள் ஒருத்திதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை போகிற பக்கம் நானும் பார்த்தேன். அது பாலனிடம் போகவில்லை. வைக்கோலில் ஊன்றியிருந்த மாதாவின் கைக்குப் போனது.

நத்தார் கழிந்ததும் கொட்டிலுக்குப் போனேன். அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கொளுக்கியைத் தூக்கினேன். உள்ளே போய் நீலக் கதிரையில் பொத்தென்று இருந்தேன். அவள் வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“என்னைக் கேக்காம என்னைச் செய்தனீர்” என்றேன்.

“ஓம்” என்றாள்.

“ஊரில எல்லாரையும் எழும்பச் சொல்லிக் கேட்டனீர். என்னை மட்டும் ஏன் ஒருநாளும் கேக்கேல்லை?”

கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதில் நக்கல் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். இல்லை.

“நீர் இருந்தாத்தானே எழும்பச் சொல்லிக் கேக்கிறது. இவ்வளவு வருசத்தில இண்டைக்குத்தான் இருந்திருக்கிறீர்.”

அவள்தான் பிறகும் சொன்னாள்.

“எல்லாத்திலயும் கூட நாள் எடுத்தது அதுக்குத்தான். உம்மைச் செய்யிறது லேசான வேலை இல்லை.”

அதைக் கேட்டு எனக்குள் ஒரு சந்தோஷம் வந்ததே, அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. இனி அங்கே இருக்க ஏலாது என்று எழும்பினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் எப்படி எழும்பினேன் என்று அவளுக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அவள் இங்கே அதிக காலம் இருக்கவில்லை. வெளிநாட்டில் ஒரு கண்காட்சிக்குக் கூப்பிட்டார்கள், போனாள், அங்கேயே நின்றுவிட்டாள். அங்கத்தைய ஆட்களும் அவளுக்கு எழும்பிக் காட்டுகிறார்களாம். போக முதல், குடிலில் ஏதும் உடைந்தால் டீச்சரைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று பங்குத் தந்தையிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். என்னிடமும் சொன்னாள். இந்த உப்புக் காற்றுக்குக் கம்பி துருவேறிக் கறள் பிடிக்கும், கறள் பிடித்தால் சீமெந்து வெடிக்கும், முதலில் வெடிக்கப்போவது உம்மட கழுத்துத்தான், மெல்லிசாகச் செய்துவிட்டேன் என்றாள். தன் சிலைகளுக்கு என்னைக் காவலுக்கு விட்டுவிட்டுப் போகிறாளே என்று எரிச்சலோடுதான் தலையாட்டினேன்.

ஒவ்வொரு மார்கழியும் கோவில் மண்டபத்துச் சாமான் அறையைத் திறந்து, தூசி தட்டி, நிறம் பூசி, குடிலுக்கு அனுப்புவது இப்போது என் வேலை. ஒரு வருடம் என்னைத் தூணுக்குப் பின்னால் நிற்க வைத்துப் பார்த்தேன். எட்டிப் பார்க்கிற டீச்சர் எங்கே என்று ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். பங்குத் தந்தையும் கேட்டார். பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டியதாயிற்று.

இந்த முறை அறையைத் திறந்தபோது கழுத்து வெடித்திருந்தது. அவள் சொன்னபடியே. வெடித்ததைச் சிறிய உளியால் தட்டி எடுத்து, உள்ளே இருந்த கம்பியைத் துலக்கினேன். பிடரியின் மடிப்பு, காதுக்குக் கீழே ஓடும் நரம்பு எல்லாம் தூளாகக் கையில் வந்தன. தலை இரண்டு கம்பிகளில் நின்றது. இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினால் நிமிரும்.

அறையில் வேறு யாரும் இல்லை. நிமிர்த்தினேன்.

தள்ளி நின்று பார்த்தேன். கழுத்து நேராக, தலை நேராக, மரியாதையான ஒரு டீச்சர் நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. குதிக்கால்கள் நிலத்தில் படவில்லை. வயிறு உள்ளே இழுபட்டிருந்தது. பை நழுவாமல் இருக்க இடது தோள் உயர்ந்திருந்தது. கால்விரலிலிருந்து தொடங்கிய எட்டல் அது. கழுத்து அதில் கடைசித் துண்டுதான். இத்தனை வருடமாகத் தூசி தட்டியும் எனக்கு அது தெரியவில்லை. தலையை நிமிர்த்தியதும் அவள் எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் போல நடிக்கிற ஆளாகிவிட்டாள். பழையதே பரவாயில்லை.

கம்பியைத் திரும்ப முன்னுக்கு வளைத்தேன். ஆனால் எவ்வளவு முன்னுக்கு, பிடரி எந்த இடத்தில் மடியும் என்பது எனக்குப் பிடிபடவில்லை. போட்டோவும் இல்லை. சீமெந்தைக் குழைத்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் அந்தச் சீமெந்து டீச்சருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். குதிக்காலைத் தூக்கினேன். பையையும் குடையையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். கழுத்தை நீட்டி, மற்றக் கையால் என் பிடரியைத் தடவி மடிப்பைத் தேடினேன்.

எட்டிப் பார்ப்பதற்கு எதிரே ஏதாவது வேண்டுமே. எதிரே, குடிலுக்குப் போகக் காத்துக்கொண்டு, மாதா இருந்தாள். வைக்கோல் இல்லாத வெறும் நிலத்தில் அந்தக் கை ஊன்றியிருந்தது. மணிக்கட்டிலிருந்து பெருவிரலுக்குப் போகிற இடத்தில் ஒரு சிறிய பள்ளம். பாரம் அங்கேதான் இறங்குகிறது. அந்தப் பள்ளத்தைச் செய்தவள் விரலால் எடுத்தாளா, ஈரத்தோடு எடுத்தாளா, இறுகிய பிறகு எடுத்தாளா என்று பார்த்தேன். இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தேன்.

குழைத்து வைத்த சீமெந்து நினைவுக்கு வந்தபோது அது கிண்ணத்திலேயே இறுகிப்போயிருந்தது.